வயலட்டின் முகம்

சாரல் விழுகிற மாதங்களில் என் கிளினிக்கில் கூட்டம் குறைவு. ஊசி போட்டுக்கொண்ட முகத்தோடு அருவியில் போய் நிற்கக் கூடாது என்று நான் சொல்லிவிடுவேன். ஜூன், ஜூலையில் இந்த ஊர்க்காரர்களிடம் அருவியா முகமா என்று கேட்டால் அருவி என்றுதான் சொல்வார்கள். அதனால் அந்த மாதங்களில் எனக்கு நேரம் கிடக்கும். நேரம் கிடந்ததால்தான் இது நடந்தது என்று சொல்ல வரவில்லை, மேடம். ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். ஆரம்பம் அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் இருக்கிறது.

புகார் எதுவும் இல்லையே, பிறகு ஏன் ஸ்டேஷனுக்கு வந்தீர்கள் என்றும் கேட்டீர்கள். உண்மைதான். யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் கிருபா. தோல் மருத்துவர். தென்காசியில் குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் என் கிளினிக். முதலில் படை, சொறி, முகப்பரு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களாக அதிகமும் முகம்தான். வயதால் முகம் எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது, தேவைப்பட்டால் நிரப்புவது, தூக்குவது. வளைகுடாவிலிருந்து கணவர் வருகிறார் என்று வடகரையிலிருந்து வருவார்கள். மகளுக்குக் கல்யாணம் என்று ஆலங்குளத்திலிருந்து வருவார்கள். வரும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம் டாக்டர், களைச்ச மாதிரி தெரியாம இருந்தாப் போதும்.”

முகத்தைப் பார்க்க ஒரு முறை உண்டு. பவுடரைத் துடைத்துவிட வேண்டும். முடியைப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும். படுக்க வைத்துப் பார்க்கக் கூடாது. படுத்தால் எல்லோருக்கும் பத்து வயது குறைந்துவிடும். நேராக உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், எதிரிலிருந்தும் சாய்வாகவும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். இளமையான முகம் தலைகீழாக வைத்த முக்கோணம். அகலம் மேலே, கன்ன எலும்பில். கூர் கீழே, தாடையில். வயதாக ஆக அந்த முக்கோணம் புரண்டுகொள்கிறது. கன்னத்துச் சதை இறங்கி மூக்கோரத்தில் மடிப்பாக விழும். இன்னும் இறங்கித் தாடை ஓரத்தில் பையாகத் தொங்கும். உள்ளே எலும்பும் கரையும். அது பலருக்குத் தெரியாது. பந்தக்கால் குட்டையானால் மேலே கட்டிய துணி தொய்வதுபோலத்தான்.

கன்ன எலும்பு உயரமாக, முன்தள்ளி இருப்பவர்களுக்கு இதெல்லாம் தாமதமாக நடக்கும். நல்ல மனதுக்கோ நல்ல நடத்தைக்கோ கிடைக்கிற பரிசு இல்லை அது. பிறப்பு. வயலட்டுக்கு அது எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. எனக்கு அப்பாவின் முகம். தட்டைக் கன்னம், சின்னத் தாடை.

வயலட் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னியது, சட்டைக்குப் பட்டன் தைத்தது, ஹாஸ்டலுக்குப் பலகாரம் கொண்டுவந்தது எல்லாம் அவள்தான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவளும் அவள்தான். சபையில் யாரைக் கேட்டாலும், அக்கா வளர்த்து டாக்டர் ஆக்கின பிள்ளை என்பார்கள். நான் ஒருபோதும் அதை மறுத்ததில்லை.

மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலுக்கு அவள் வந்த முதல் நாளே என் அறைத்தோழி, “உன் தங்கச்சியா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. பிறகு என் கல்யாணத்தில் கேட்டார்கள். பிறகு வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். என் கணவர் ஜோயல் மஸ்கட்டில் இருக்கிறார். ஃபோன் செய்தால் என்னைப் பற்றிக் கேட்பதற்கு முன், “வயலட் மைனி எப்படி இருக்காவ?” என்று கேட்பார். தப்பான எண்ணத்தில் இல்லை. எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அவள் ஒரு அறையில் இருந்தால் அந்த அறையில் அவள்தான் இருப்பாள்.

போன வருடம் அவள் மகள் ஷெரினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இந்த வருடம் ஆகஸ்டில் கல்யாணம். மே கடைசியில் புடவை எடுக்கத் தென்காசியில் ஒரு கடைக்குப் போனோம். வயலட், ஷெரின், நான். கடைப் பெண் ஒரு மயில்கழுத்துப் பட்டுப் புடவையை எடுத்து வயலட்டின் தோளில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“உங்க தங்கச்சிக்கு இது எடுப்பா இருக்குக்கா. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் மங்கலா எடுத்துக் காட்டட்டா?”

வயலட் சிரித்துவிட்டாள். “நான்தாம்மா மூத்தவ. இவ என் தங்கச்சி, டாக்டரு. வேலை கூடிப்போயி ஒழுங்கா உறங்க மாட்டா. அதான் உனக்கு அப்படித் தெரியுது.”

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு புடவையை மடிக்க ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்பி வரும்போது காரில் வயலட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, அத மனசுல வச்சுக்காத. அந்தப் பிள்ளைக்குக் கண்ணு சரியில்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோவிலுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய புடவை கட்டிக்கொண்டு வந்தாள். தலைக்கு டை அடிப்பதை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அடிச்சு என்ன ஆகப்போவுது. வயசு ஆகுதுல்லா” என்றாள். எனக்குப் புரிந்தது. என் பக்கத்தில் நிற்கும்போது வயதானவளாகத் தெரிய வேண்டும் என்று அவள் முயற்சி செய்துகொண்டிருந்தாள். எனக்காக. அந்த நரையும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. பாடகர் குழுவில் முன் வரிசையில் நின்றாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறீர்கள். கோபம் இல்லை. இளமை என்பது ஒருத்தி பாவம் பார்த்து இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கிற சமாச்சாரமாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான். ரைட்டர் ‘பொறாமை’ என்று எழுதுவதைப் பார்த்தேன். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை.

ஜூனில் சாரல் தொடங்கியது. கிளினிக்கில் ஆளில்லை. வயலட்டைக் கூப்பிட்டேன். அவள் வீடு குத்துக்கல்வலசையில், ஆட்டோவில் வந்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை உன் முகத்தைப் பார்த்துவிடுகிறேன் என்றேன். உட்கார வைத்தேன். முடியை இழுத்துக் கட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில், நான் சொன்னேனே, அந்த முறைப்படி பார்த்தேன்.

இருபது வருடத்தில் எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன். ஐம்பத்துநான்கு வயதில் அப்படி ஒரு முகம் பார்த்ததில்லை. நெற்றிப்பொட்டில் பள்ளம் இல்லை. கண்ணுக்குக் கீழே இறக்கம் இல்லை. கன்ன எலும்பின் மேல் வெளிச்சம் விழுந்து, வழுக்கி, தாடை வரை எங்கேயும் தடுக்காமல் இறங்கியது. மூக்கோரத்தில் மெல்லிய ஒரு கோடு, அதுவும் சிரிக்கும்போது மட்டும். முறையாகச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நான் எழுந்து திரையை இழுத்துவிட்டேன். மேலே இருக்கிற விளக்கைப் போட்டேன். தலையைக் கொஞ்சம் குனியச் சொல்லி, ஃபோனைக் கீழே பிடித்து ஒரு படம் எடுத்தேன். உச்சியிலிருந்து வெளிச்சம் விழுந்தால் யாருக்கும் கண்ணடியில் குழி தெரியும், மூக்கோரத்தில் நிழல் விழும். பச்சைப் பிள்ளைக்கும் விழும். அந்தப் படத்தை அவளிடம் காட்டினேன்.

“பாத்தியாக்கா, இந்த இடம் எறங்கிட்டு. கல்யாண வீடியோவுல இது நல்லாத் தெரியும்.”

அவள் படத்தைப் பார்த்தாள். அதைவிட அதிக நேரம் என்னைப் பார்த்தாள். “எனக்கு என்னட்டி. கல்யாணத்துல பிள்ளையத்தான பாப்பாவ.”

“பொண்ணோட அம்மாவையும் பாப்பாவ.”

“உனக்குச் செய்யணும்னு இருக்கா?”

“உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“அப்ப செய்யி” என்றாள். “உன் கையால எனக்கு ஏதாவது செய்யணும்னு உனக்கும் இருக்கும்லா.”

என் எண்ணம் என்ன என்று கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் கூடுதலாக நிரப்ப நினைத்தேன். இந்த வேலையில் கூடுதல் என்பது ஒரு வகை முதுமை. கன்னம் உப்பி, கண் சிறுத்து, சிரிப்பு கனத்துப்போகும். பார்க்கிறவர்களுக்கு என்ன என்று சொல்லத் தெரியாது. ஏதோ செய்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் தோன்றும். எட்டு மாதத்தில் தானாகக் கரைந்துவிடும். கல்யாணம் முடிந்திருக்கும். அதற்கு மேல் நான் எதுவும் யோசிக்கவில்லை.

கிளினிக்கில் வேலை பார்க்கும் தங்கத்தாயை வெளியறையிலேயே இருக்கச் சொன்னேன். என் அக்காதானே, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கன்னத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. மூக்கோரத்தில்தான். அங்கே தோலுக்கு அடியில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் இடம் மாறி இருக்கும். ஊசியில் போகிற மருந்து, ஃபில்லர் என்போம், அது குழாய்க்குள் போய்விட்டால் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் எப்போதாவது நேர்ந்துவிடும். எனக்கு அதற்கு முன் நேர்ந்ததில்லை. குழாயைத் தேடி நான் குத்தவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். மற்ற எதையும் நான் மறைக்கப் போவதில்லை.

ஊசியை எடுத்ததும் தெரிந்துவிட்டது. மூக்கின் ஓரம் வெளுத்தது. துணியில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊறுவதுபோல அந்த வெளுப்பு மேலுதடு வரை இறங்கியது. விரலால் அழுத்தி எடுத்தேன். ரத்தம் ஓடுகிற தோல் என்றால் உடனே நிறம் திரும்பும். திரும்பவில்லை.

அதற்கு மாற்று மருந்து உண்டு. போட்டதைக் கரைக்கிற ஊசி. இந்த வேலை செய்கிற எல்லோரும் ஃபிரிட்ஜில் வைத்திருப்போம். என் ஃபிரிட்ஜ் நான் நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டுகிற தூரம். உடனே அதைப் போட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நீவி விட்டால் பெரும்பாலும் தடம்கூட இல்லாமல் போய்விடும்.

“என்னட்டி, சுருக்குன்னு வலிக்கு?” என்றாள் வயலட்.

“கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்க்கா.”

“சரி சரி. நீ பதறாதட்டி” என்று என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். வலித்தது அவளுக்கு. நான் பதறவும் இல்லை.

நான் கையுறையைக் கழற்றினேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். பார்க்கலாம் என்று நினைத்தேன். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. என்ன ஆகிறது, பார்க்கலாம். வீட்டுக்குப் போய் ஐஸ் வை, கண்ணாடியை அடிக்கடி பார்க்காதே, வலி கூடினால் இந்த மாத்திரை என்று சொல்லி ஆட்டோ ஏற்றிவிட்டேன். ரத்தம் ஓடாத இடத்தில் ஐஸ் வைத்தால் இன்னும் சுருங்கும். சூடுதான் வைக்க வேண்டும். அது மூன்றாம் வருட மாணவனுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் ஐந்தருவிக்குப் போனேன். நான் அருவிக்குப் போகிறவள் இல்லை. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்த தலைகளும் ஈரப் புடவைகளுமாக இடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் போய் நின்றேன். தண்ணீர் தலையில் விழும்போது வேறு எதுவும் கேட்காது. யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டுதானே எல்லோரும் நிற்கிறார்கள். வெகு நேரம் நின்றேன். நன்றாகப் பசித்தது. வெளியே வந்து சூடாக வடை வாங்கித் தின்றேன்.

ஃபோனைக் காரில் விட்டிருந்தேன். வயலட் பலமுறை கூப்பிட்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டேன்.

“வலி கூடத்தான் இருக்குட்டி. அதான் கேக்கலாம்னு. எங்கன இருக்க?”

“அருவியில குளிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா.”

“அருவிக்கா போன? நல்லது. நீ எங்கயும் போறதே இல்ல. நல்லாத் தலையத் துவட்டு, சளி புடிச்சுராம.” அவள் குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது.

“ஐஸ் வைக்கியா?”

“வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“வை. விடாம வை” என்றேன்.

மறுநாள் ஷெரின் வீடியோவில் கூப்பிட்டாள். மூக்கோரத்திலிருந்து உதடு வரை கருநீலக் கோடுகள், வலை மாதிரி. மருத்துவப் புத்தகத்தில் இருந்த படத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

“சித்தி, எனக்கு இது சரியாப் படல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவட்டா?”

“ரத்தக்கட்டுட்டி. சில பேருக்கு அப்படித்தான் வரும். கரைஞ்சுரும்.”

பின்னாலிருந்து வயலட்டின் குரல்: “சித்தி சொல்லுதால்லா. நீ சும்மா கெட.”

அடுத்த நாள் கொப்புளம் வந்தது. ஷெரின் அதற்குமேல் யார் பேச்சையும் கேட்கவில்லை. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே பார்த்த டாக்டர் எனக்கு ஃபோன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஆமாம் டாக்டர் என்றேன். அக்கா பயந்துகொண்டு என்னிடம் சரியாகச் சொல்லவில்லை என்றேன்.

மூக்கின் ஓரத்தில் ஒரு துண்டு கறுத்து உதிர்ந்தது. மேலுதட்டின் ஒரு பக்கம் வடுவாகி மேலே இழுத்துக்கொண்டது. வாயை முழுக்க மூட முடியவில்லை. பாட்டில் ‘ப’வும் ‘ம’வும் வருகிற இடத்தில் காற்றுப் போனது. பாடகர் குழுவிலிருந்து அவளாகவே நின்றுகொண்டாள்.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். அத்தான் கிங்ஸ்லி ஹார்டுவேர் கடையை மூடிவிட்டு மத்தியானமே வந்திருந்தார். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றி, உதட்டின் நல்ல பக்கமாகப் பார்த்துப் பார்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒழுகியதைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். நான் எதிர்பார்த்து வந்தது அது இல்லை. என்ன எதிர்பார்த்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் கொஞ்சமாவது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

“எனக்குப் பழைய மூஞ்சியும் தெரியும், புது மூஞ்சியும் தெரியும். எனக்கு இப்ப ரெண்டு பொண்டாட்டி” என்றார். அவள் அவர் கையில் அடித்தாள். சிரித்தால் வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். “கிருபா, நீ அழாதம்மா. உன் கையில அப்படி வந்துட்டு. நீ என்ன வேணும்னா செஞ்ச?”

நான் அழவில்லை. வெளியே சாரல். முகம் நனைந்திருந்தது.

ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. தள்ளிவைக்கலாம் என்றதற்கு வயலட் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மயில்கழுத்துப் பட்டுப் புடவையையே கட்டிக்கொண்டாள். முகத்தை மறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில்காரர்கள். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொண்ணுக்க அம்மா நீங்கதான?”

“இல்ல. நான் சித்தி.”

“அப்போ அவிய? முகத்துல காயம் பட்டவிய?”

“அவதான் அம்மா.”

“நான் அவியளத்தான் சித்தின்னு நெனச்சேன்” என்றார் அந்த அம்மாள். “பாவம். சின்ன வயசுல இப்படி ஆயிட்டே.”

அவர் போன பிறகும் நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் படித்த படிப்புக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தழும்பு முகத்தைக் கெடுக்கும். வயதைக் கூட்டாது. கன்ன எலும்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. தாடைக் கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது. நான் தொட்டது மேலே இருந்த கொஞ்சம் தோலை மட்டும்தான்.

இதோ, இந்த ஃபோனில் இருப்பது கல்யாணத்தன்று எடுத்த படம். நீங்களே பாருங்கள். ரைட்டர் அண்ணாச்சியும் பார்க்கட்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. சாரல் முடிந்தும் கூடவில்லை. டாக்டர் தன் அக்கா முகத்தையே கெடுத்துவிட்டாள் என்று பேச்சு. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வயலட்டுக்குத் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் டிஃபன் கேரியரோடு வந்து கிளினிக் வெளியறையில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் வந்தாள். தினமும் வந்தாள். வருகிறவர்களிடம் அவளாகவே பேச்சுக் கொடுப்பாள்.

“பயப்படாம போங்க. என் தங்கச்சி கை நல்ல கை. என் உடம்புவாகு அப்படி. அவ சொன்னதெல்லாம் நான் கேக்கல.”

உதடு முழுக்க மூடாமல், காற்றுப் போகிற அந்தக் குரலில். நான் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கூட்டம் திரும்பி வந்தது. வந்தவர்கள் என்னிடம் தங்கள் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. “எப்படிப்பட்ட அக்கா டாக்டர் உங்களுக்கு” என்று கண் கலங்கினார்கள். சிலர் ஒன்றும் செய்துகொள்ளாமல் அவளோடு பேசிவிட்டே போனார்கள். தங்கத்தாய் அவளுக்குப் பூ வாங்கி வந்து வைத்துவிட்டாள்.

போன வாரம், ஆட்கள் போன பிறகு, அவள் என் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளை உட்கார வைத்துப் பார்த்த அதே நாற்காலி.

“ஏட்டி, ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். திருநெல்வேலி டாக்டர் என்கிட்ட, ஐஸ் வைக்கச் சொன்னது யாருன்னு கேட்டாரு. நானாத்தான் வச்சேன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட யாரும் கேட்டா நீயும் அப்படியே சொல்லு. மாத்திச் சொல்லிராத.”

நான் அவளைப் பார்த்தேன். “எதுக்கு அப்படிச் சொன்ன?”

“வேற என்ன சொல்ல?”

“உனக்கு எப்பத் தெரியும்?”

அவள் மேஜை மேல் இருந்த பஞ்சை எடுத்து ஒதுக்கி வைத்தாள். “அருவியில குளிச்சேன்னு சொன்னல்லா. உன் குரல் அவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் உன்ன வளத்தவட்டி. உன் குரல் எப்ப எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஐஸ் வச்சியா?”

“இல்ல. அப்பமே எடுத்து எறிஞ்சுட்டேன். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா உன் பேரு கெட்டுரும்னு ஒரு நாள் யோசிச்சேன். அந்த ஒரு நாளு என் தப்பு.” பிறகு எழுந்து என் தலையைத் தடவினாள். “விடு. நீயும் சின்ன வயசுலருந்து எவ்வளவுதான் பொறுப்ப.”

புரிகிறதா மேடம்? அவளுக்குத் தெரியும். முகம் போன பிறகு தெரிந்துகொண்டது இல்லை. முகம் போகும்போதே தெரியும். தெரிந்தே ஒரு நாளை எனக்காகக் கொடுத்திருக்கிறாள், அந்தச் சாம்பல் புடவையைக் கட்டிக்கொண்டு வந்ததுபோல. நான் செய்த காரியத்தில்கூட ஒரு பங்கை எடுத்துத் தன் கணக்கில் வைத்துக்கொண்டாள். இனி சாகும்வரை அவள் மன்னித்தவள், நான் மன்னிக்கப்பட்டவள்.

அதனால்தான் வந்தேன். இது நான் செய்தது. மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தது; நான் எடுக்கவில்லை. வெளுத்ததைப் பார்த்தேன், வீட்டுக்கு அனுப்பினேன். ஐஸ் வைக்கச் சொன்னது நான். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்றது நான். யாருடைய உடம்புவாகும் காரணம் இல்லை. அவளைக் கேட்டால் மறுப்பாள்; என்னைக் காப்பாற்றப் பார்ப்பாள். நம்பாதீர்கள். அவள் சொல்வதை எழுதிக்கொள்ளவே வேண்டாம்.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறீர்கள், நல்ல காரியம் என்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். அவள்மேல் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. உண்மை உண்மையாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான் என் விருப்பம்.

படித்துக் காட்டுங்கள் அண்ணாச்சி, கேட்கிறேன். ஆமாம். ஆமாம், அது சரி. நில்லுங்கள். அந்த வரியை மறுபடி படியுங்கள். ‘எனது தங்கை வயலட் என்பவருக்கு.’ தங்கை இல்லை. அக்கா. இவ்வளவு நேரம் அக்கா என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

படத்தைப் பார்த்த ஞாபகத்தில் கை தானாகப் போய்விட்டது என்கிறீர்கள். பரவாயில்லை. வேறு எங்கே என்ன பிழை இருந்தாலும் அப்படியே இருக்கட்டும், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அதை மட்டும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். வயதையும் பக்கத்தில் போடுங்கள், தெளிவாகத் தெரிகிற மாதிரி. அவளுக்கு ஐம்பத்துநான்கு. எனக்கு நாற்பத்தெட்டுதான்.